டேங்க் ஓட்டைக்குப் பசை தேடாதீர்கள்

மதுரையில் மொட்டை மாடி டேங்க் ஒழுகுகிறது என்று கூப்பிடுகிற வீடுகளில், நான் போய்ப் பார்ப்பதற்கு முன்பே யாராவது அதில் கை வைத்திருப்பார்கள். பிசைந்து ஒட்டுகிற எபாக்சி, பைப்புக்குப் போடும் சொல்யூஷன், சிலிகான், சில இடங்களில் தார்கூட. கொஞ்ச நாள் நிற்கும். அப்புறம் நகத்தால் நெம்பினாலே முழு வில்லையாகக் கையோடு வந்துவிடும்.

இதில் பசையைக் குறை சொல்லிப் பயனில்லை. டேங்க் பாலிஎத்திலீன் என்கிற பிளாஸ்டிக், சாதாரணப் பசை எதற்கும் அதில் பிடிமானம் கிடையாது. சொல்யூஷன் பி.வி.சி.யைக் கரைத்து இணைப்பதற்கானது, டேங்கை அது கரைக்காது. சந்தேகமாக இருந்தால் டேங்கில் ஒரு சீவல், பி.வி.சி. பைப்பில் ஒரு சீவல் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் அமுக்கிவிட்டுப் பாருங்கள். டேங்க் சீவல் மேலே வரும், பைப் சீவல் அடியில் போய்விடும். இரண்டும் வேறு வேறு சரக்கு.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பது நம் ஊரில் சுலபம். போர் தண்ணீர் என்றால் ஒழுகின தடத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். அந்தத் தடம் தொடங்குகிற உச்சியைப் பாருங்கள், கீழே ஈரமாக இருக்கும் இடத்தை அல்ல.

பக்கச் சுவரில் ஆணி குத்தின மாதிரி வட்ட ஓட்டை என்றால் கவலையே இல்லை. தண்ணீரை இறக்கிவிட்டு, ஓட்டையை டிரில்லால் சுத்தமான வட்டமாக்கி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போட்டு, உள்ளேயும் வெளியேயும் ரப்பர் வாஷர், அதன்மேல் அகலமான ஸ்டீல் வாஷர் வைத்து முறுக்கினால் போதும். ரப்பர் பிதுங்குகிற அளவுக்கு முறுக்கக் கூடாது. ஓட்டை பெரிதாக இருந்தால் அந்த இடத்தில் டேங்க் நிப்பிள் (டேங்கில் பைப் இணைக்கிற மரையுள்ள துண்டு) மாட்டி எண்ட் கேப் என்கிற மூடி போட்டு மூடிவிடலாம்.

விரிசல்தான் வில்லங்கம். வில்லாபுரத்தில் ஒரு அம்மா கேட்டார்: “ஏன் தம்பி, தெருவுல வர்றவரு கம்பியக் காய வச்சு இழுத்தா முடிஞ்சுருச்சுங்கிறாரு, நீங்க என்னமோ பெரிய வேலைங்கிறீங்க?” மேலாக உருக்கிப் பூசினால் அடியில் விரிசல் அப்படியேதான் இருக்கும். முதலில் விரிசலின் இரண்டு முனையிலும் சின்னதாகத் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் அது மேலும் ஓடும். அப்புறம் மேல்தோலைச் சுரண்டி, விரிசலை ‘வி’ வடிவத்தில் சீவி, அதே பிளாஸ்டிக் துண்டை ஹாட் ஏர் கன்னால் (சூடான காற்றை ஊதுகிற கருவி) உருக்கி ஏற்ற வேண்டும். நிரப்புகிற துண்டும் டேங்க் சுவரும் சேர்ந்து உருகினால்தான் ஒட்டும். அந்தத் துண்டுக்கு எங்கே போவது? புது டேங்கில் பைப் மாட்ட ஹோல்சாவால் (வட்டமாக அறுக்கிற டிரில் பிட்) ஓட்டை போடும்போது விழுகிற வட்டத் துண்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

தலையை டேங்குக்குள் விட்டுக்கொண்டு சூடு வைக்காதீர்கள். புகை ஒரு பக்கம், ஈரத்தில் கரண்ட் இன்னொரு பக்கம். தனியாளாகவும் செய்ய வேண்டாம்.

வெளிச்சுவரைக் கையால் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி ஒட்டினால் வெயில் அதைத் தின்றுவிட்டது. இப்படி உருக்கி வெல்டிங் பண்ணினாலும் பக்கத்திலேயே கிழியும், செலவு வீண். அடிப்பாகத்தில் விரிசல் விட்ட டேங்கையும் நான் தொடுவதில்லை. 1000 லிட்டர் தண்ணீர் என்பது 1 டன் எடை. அந்த எடையை அந்த ஒட்டுத் தாங்காது.

அடி ஏன் விரிகிறது என்று டேங்கைத் தூக்கிப் பார்த்தால், பெரும்பாலும் நாலு செங்கல்லும் நடுவில் வெறும் இடைவெளியும்தான் இருக்கும். அடி முழுக்கப் படிகிற சமதளமான கான்கிரீட் மேடை வேண்டும். கேட் வால்வும் இரும்பு பைப்பும் கிளாம்ப் இல்லாமல் தொங்கினால் அவுட்லெட் பக்கம் விரியும். புதிது வாங்கினால் இந்தத் டேங்குகளுக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 12701 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஓட்டையை அடைத்த டேங்கை உடனே நிரப்பாதீர்கள். உள்ளே கிடக்கும் சீவல் தூளைக் கழுவி வெளியேற்றுங்கள், இல்லையென்றால் ஷவரில் போய் அடைக்கும். பாதி நிரப்பி ஒரு ராத்திரி விட்டு, காலையில் ஒட்டின இடத்தைப் பழைய பேப்பரால் துடைத்துப் பாருங்கள். பேப்பர் காய்ந்தே இருந்தால் மீதியை ஏற்றலாம்.