தனக்கென அடையாளம் இல்லாத கட்டி

வெயிலில் பல்லாண்டு காய்ந்த வழுக்கைத் தலையில் சிவப்பாக ஒரு முண்டு கிளம்புகிறது. சில வாரங்களில் சுண்டைக்காய் அளவுக்கு வளர்ந்து, மேல்தோல் புண்ணாகி ரத்தம் கசிகிறது. வெளிர்நிறத் தோல் கொண்ட முதியவர்களுக்குத் தலையிலும் காதிலும் மூக்கிலும் வரும் 'அடிபிகல் ஃபைப்ரோசாந்தோமா' பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும். அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் எல்சன் ஹெல்விக் 1960களின் தொடக்கத்தில் விவரித்த அரிய கட்டி இது.

பயாப்சி எடுத்த துணுக்கை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பொதிந்து, சில மைக்ரான் தடிமனில் சீவிச் சாயமேற்றிப் பார்த்தால் பதறிப்போவோம். செல்களின் உட்கருக்கள் தாறுமாறாகப் பெருத்துக் கிடக்கும். சில செல்களில் உட்கருவே பல. பார்வைக்கு இத்தனை கொடூரம், ஆனால் முழுதாக வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலோருக்கு அத்தோடு சரி.

சிக்கல் என்னவென்றால், நிறமிச் செல்களில் தோன்றும் மெலனோமாவும் மேல்தோல் செல்களில் தோன்றும் ஸ்குவாமஸ் செல் புற்றும் ரத்தநாளச் செல்களில் தோன்றும் ஆஞ்சியோசார்கோமாவும் சில சமயம் அச்சு அசலாக இதே தோற்றத்தில் வரும். அவற்றுக்கான சிகிச்சையே வேறு. அப்புறம் எப்படிப் பிரிப்பது?

அங்கேதான் ஆன்டிபாடி சோதனை வருகிறது. குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியை ஸ்லைடின் மேல் விடுவார்கள். அந்தப் புரதம் இருந்தால், ஆன்டிபாடியோடு பிணைத்த நொதி அந்த இடத்தைப் பழுப்பாக்கிக் காட்டும். சைட்டோகெரட்டின் என்ற புரதம் பழுப்பானால் ஸ்குவாமஸ் புற்றின் மேல் சந்தேகம் போகும். எஸ்-100, சாக்ஸ்-10 என்றால் மெலனோமா. சிடி-31, ஈஆர்ஜி என்றால் ஆஞ்சியோசார்கோமா. டெஸ்மின் என்றால் தசைக்கட்டி. ஃபைப்ரோசாந்தோமாவுக்கோ தனக்கென ஒரு புரதமும் இல்லை. சிடி-10 பழுப்பாகும்தான், ஆனால் மற்றவற்றிலும் ஆகும். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே இந்தப் பெயரைச் சொல்ல முடியும். ஒரே ஒரு கெரட்டின் சோதனையோடு நிறுத்துவது ஆபத்து. முதிர்ச்சியற்ற ஸ்குவாமஸ் புற்று அதில் நழுவிவிடலாம்.

இவ்வளவும் முடிந்தாலும் ஆழம் பாக்கி. இதே செல்கள் தோலடிக் கொழுப்புக்குள் ஊடுருவியிருந்தாலோ, நரம்பைச் சூழ்ந்திருந்தாலோ, ரத்தநாளத்துக்குள் புகுந்திருந்தாலோ, கட்டிக்குள் திசு செத்திருந்தாலோ, அது 'பிளியோமார்ஃபிக் டெர்மல் சார்கோமா'. வெட்டிய இடத்திலேயே திரும்ப வரலாம், வேறு உறுப்புகளுக்கும் பரவக்கூடியது. மேலாகச் சீவி எடுத்த துணுக்கில் அந்த ஆழம் இருக்கவே இருக்காது. அதனால்தான் முதல் அறிக்கையில் மருத்துவர் உறுதியான பெயர் எழுதாமல், முழுக் கட்டியையும் அடிவரை எடுத்து அனுப்பச் சொல்கிறார்.