டியூலிப் மரம் கேட்பவர்களுக்கு: முதலில் இலையைக் காட்டுங்கள்

போன மாதம் பினாங்கு செபராங் பிறையில் இருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். "தம்பி, ரெண்டு ஏக்கர் நிலம் இருக்கு, வரிசையா டியூலிப் மரம் வைக்கணும்." எந்த டியூலிப் ஐயா என்று கேட்டதற்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது அவருக்கு. டியூலிப்னா டியூலிப்தான், அதில் என்ன எந்த?

அங்கேதான் சிக்கல். டியூலிப் மரம் என்ற பெயரில், ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மூன்று மரங்கள் இருக்கின்றன. பூவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், இலையைப் பார்த்தால் ஒரு நிமிட வேலை.

பெரியவர் மனதில் இருந்தது அமெரிக்காவில் மகள் வீட்டுப் பக்கம் பார்த்தது. லிரியோடெண்ட்ரான் டுலிப்பிஃபெரா, செண்பக வகை. நாலு மடல் இலை, நுனியைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டது போல மொட்டையாக இருக்கும், வேறு எதனோடும் குழம்பாது. இளம்பச்சை கலந்த மஞ்சள் பூ, அடியில் ஆரஞ்சுப் பட்டை. 30 மீட்டருக்கு மேல் நெட்டுக்குத்தாக வளரும் மரம் என்பதால் பூவை அண்ணாந்துதான் தேட வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் 1785இல் தன் மவுண்ட் வெர்னன் தோட்டத்தில் வைத்திருக்கிறார். பெரிய நிலத்துக்கு அருமையான மரம், ஆனால் அங்கே. குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கி எழும் பழக்கம் அதற்கு. நம் பினாங்கு வெயிலில் எப்போது தூங்கும்? விதையிலிருந்து வந்தால் பூக்கவே 15, 20 வருடம் ஆகும் என்பது வேறு.

சரி, இங்கே நர்சரியில் டியூலிப் என்று கேட்டால் லோரியில் ஏற்றி அனுப்புவது ஆப்பிரிக்க டியூலிப், ஸ்பாதோடியா. மலாய்க்காரர்கள் பாஞ்சுட்-பாஞ்சுட் என்பார்கள், மொட்டை அழுத்தினால் தண்ணீர் பீச்சும், சின்ன வயதில் நாமும் அடித்து விளையாடியதுதான். ஒரே காம்பில் இணை இணையாகச் சிற்றிலைகள், உச்சியில் தீப்பிடித்த மாதிரி பூ.

இதை நானே ஒரு காலத்தில் 14 கன்று நட்டுக் கொடுத்திருக்கிறேன், பெருமையாக. நாலு வருடத்தில் நிழல் வந்தது. அப்புறம் ஒரு சுமத்ரா காற்றில், அதாவது திடீரென்று வீசும் புயல்காற்றில், கிளைகள் கார்மேல் விழுந்தன. மரம் அவ்வளவு மெத்து. காய் படகு மாதிரி வெடித்து, சிறகு வைத்த விதைகள் காற்றில் பறந்து பக்கத்து டுரியான் தோட்டத்தில் முளைத்தன, வெட்டினால் வேரிலிருந்து திரும்பக் கிளம்பின. தோட்டக்காரர் திட்டியதில் நியாயம் இருந்தது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இந்த மரம் இருப்பது எனக்கு அப்போது தெரியாது, தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இதைக் கட்டுப்படுத்தப்பட்ட செடியாக வைத்திருக்கிறார்கள். கொட்டாத தேனீக்கள் இதன் பூவுக்குள் செத்துக் கிடப்பதை அங்கே கவனித்திருக்கிறார்கள். நம் பக்கம் கெலுலுட், அதாவது கொட்டாத தேனீக் கூடு வைத்துத் தேன் எடுப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நிற்கும் பெரிய மரத்தை நீங்களாக வெட்டிவிடாதீர்கள், முதலில் நகராண்மைக் கழகத்தில் கேளுங்கள்.

மூன்றாவதை நாம் மதிப்பதே இல்லை. இந்திய டியூலிப் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்தது நம்ம பூவரசுக்குத்தான். இதய வடிவ இலை, காலையில் மஞ்சளாக விரிந்து மாலையில் சிவந்து வாடும் பூ, நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு. கடற்கரை மரம், உப்புக்காற்றுக்கு அசையாது. முழு வெயில் கொடுங்கள், மரத்துக்கு மரம் 8 மீட்டராவது விடுங்கள். கை மணிக்கட்டுத் தடிமனில் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி மழைக்காலத்தில் ஊன்றினாலே வேர் பிடிக்கும். ஆனால் போத்து மரம் கீழேயே கிளைத்துக் கோணலாகப் போகும். சாலை ஓரமாக நேராக நிற்க வேண்டுமென்றால் விதைக் கன்றுதான், முதல் இரண்டு வருடம் கீழ்க்கிளையைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். பழைய பூ, காய் எல்லாம் கீழே கொட்டும், கார் நிறுத்தும் இடத்தில் வைக்காதீர்கள்.

பெரியவரிடம் மூன்று இலையின் படத்தையும் அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். "இது எஸ்டேட்ல பீப்பீ செஞ்சு ஊதின இலையாச்சே. இதுக்கா டியூலிப்னு பேரு?"

அக்டோபர் மழைக்கு 20 கன்று சொல்லியிருக்கிறார்.