பல்லில் பதிந்த பால்குடி நாட்கள்

பெல்ஜியத்தின் ஸ்கிளாடினா குகையில் அழிந்துபோன ஆதி மனித இனமான நியாண்டர்தாலின் குழந்தை ஒன்றின் எச்சங்கள் கிடைத்தன. வாழ்ந்தது சுமார் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. இறந்தது எட்டு வயதளவில். அதன் கடைவாய்ப் பல்லை ஆராய்ந்தவர்கள் 2013-இல் சொன்னது இது: முதல் 7 மாதம் தாய்ப்பால் மட்டும். அடுத்த 7 மாதம் பாலோடு வேறு உணவு. ஒன்றேகால் வயதை நெருங்கும்போது பால் சட்டென்று நின்றிருக்கிறது.

இதைக் காட்டிக்கொடுத்தது பேரியம் என்கிற தனிமம்.

கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் மூன்றும் தனிம அட்டவணையில் ஒரே நெடுவரிசை. வேதியியலில் நடத்தையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எலும்பும் பல்லும் கட்ட உடலுக்குத் தேவை கால்சியம். மற்ற இரண்டும் மண்ணிலிருந்து செடிக்கும், செடியிலிருந்து வயிற்றுக்கும் ஒட்டிக்கொண்டு வருபவை. குடல் கால்சியத்துக்கே முன்னுரிமை தருகிறது. அதையும் தாண்டி வந்த ஸ்ட்ரான்சியத்தைச் சிறுநீரகம் கூடுதலாக வெளியேற்றுகிறது. ஆகவே செடியைவிட மானின் உடலிலும், மானைவிட அதைத் தின்ற சிறுத்தையின் உடலிலும் கால்சியத்தோடு ஒப்பிட்ட ஸ்ட்ரான்சியத்தின் அளவு குறைந்துகொண்டே போகும். பேரியமும் அப்படியே.

தப்பி நுழைந்த கொஞ்சம் பல்லில் போய்ப் படிகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958 முதல் குழந்தைகளின் விழுந்த பால்பற்களை லட்சக்கணக்கில் சேகரித்து, அணுகுண்டு சோதனைகள் உமிழ்ந்த கதிரியக்க ஸ்ட்ரான்சியம் அவற்றில் ஏறியிருப்பதைக் காட்டியது இந்த வழியில்தான்.

எலும்பு வாழ்நாள் முழுதும் கரைந்து புதுப்பிக்கப்படும். பழைய பதிவு நிற்காது. பல்லின் கடினமான மேலுறையான எனாமல் அப்படியல்ல. எடையில் 96 சதவீதம் தாதுப்பொருள், உயிருள்ள செல் கிடையாது, ஒருமுறை உருவானால் உருவானதுதான். மண்ணுக்குள் லட்சக்கணக்கான ஆண்டுகள் கிடந்தாலும் வெளிப்பொருள் எளிதில் உள்ளே ஊறாது. ஊறியதா என்று பார்க்க யுரேனியத்தைத் தேடுவார்கள். உயிரோடு இருக்கும் பல்லில் அது இல்லையென்றே சொல்லலாம். தொல்பல்லில் நிறைய இருந்தால் நிலத்தடி நீர் புகுந்துவிட்டது, அந்தப் பகுதியை நம்ப முடியாது.

ஆரம்பத்தில் கால்சியத்தோடு ஒப்பிட்ட ஸ்ட்ரான்சியம், பேரியம் விகிதத்தை வைத்து ‘இவர் இறைச்சி தின்றார், அவர் இலை தின்றார்’ என்று பிரிக்கப் பார்த்தார்கள். அது அவ்வளவு நேரானதல்ல. தாவரம் மட்டுமே தின்னும் விலங்குகளுக்குள்ளேயே, புல் மேய்வனவற்றின் விகிதம் இலை தின்பனவற்றைவிட உயர்ந்திருக்கும். வேர், கிழங்கு தின்றாலும் கணக்கு மாறும். ஊருக்கு ஊர் மண்ணும் வேறு. ஒரு பல்லுக்கு ஒரே சராசரி எண் என்று எடுத்தால் ஏமாற இடமுண்டு. ஒரே பல்லை அதனோடேயே ஒப்பிட்டு, காலப்போக்கில் என்ன மாறியது என்று பார்ப்பதுதான் என் பார்வையில் இத்துறையின் உண்மையான பலம்.

அதற்கு வழிவிடுவது எனாமல் வளரும் விதம். மரத்தின் ஆண்டு வளையம்போல இங்கே நாள்கோடுகளே உண்டு. பிறந்த அன்றைய அதிர்ச்சிகூடத் தனிக் கோடாக விழுந்திருக்கும். பல்லை மெல்லிய சீவலாக அறுத்து, நுண்ணோக்கியில் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து நாட்களை எண்ணுகிறார்கள். பிறகு தலைமுடி அளவு அகலமுள்ள லேசர் கற்றை வரிவரியாக நகர்ந்து துளித்துளியாக ஆவியாக்க, நிறைமாலைமானி என்னும் கருவி அதில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்கிறது. திரையில் விரிவது வண்ண வரைபடம். பிறப்புக்கோடு வரை பேரியம் மிகக் குறைவு, நஞ்சுக்கொடி அதை அதிகம் விடாது. பிறந்து பால் குடிக்கத் தொடங்கியதும் ஏறும். பால் குறையக் குறைய இறங்கும். எப்போது பால்குடி மறந்தன என்று குறித்து வைக்கப்பட்ட மக்காக் குரங்குகளின் பற்களில் இதைச் சரிபார்த்த பிறகே நியாண்டர்தால் பல்லைத் தொட்டார்கள்.

காட்டு ஒராங்குட்டான்களின் பற்கள் 2017-இல் இன்னொன்றைக் காட்டின. பேரியம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிறது, எட்டு வயது தாண்டியும்கூட. மரத்தில் பழம் இல்லாத மாதங்களில் குட்டி தாய்ப்பாலுக்கே திரும்புகிறது. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபான்டெய்ன் குகையில் கிடைத்த, 20 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழைய ஆஸ்திரலோபிதிகஸ் ஆப்பிரிக்கானஸ் என்ற ஆதி மனித இனத்தின் பற்களிலும் இதே ஏற்ற இறக்கம் பட்டைபட்டையாகத் தெரிந்தது. 2019-இல் வெளியான ஆய்வு அது. ஏறக்குறைய முதல் ஓராண்டு பெரும்பாலும் பால், பிறகு பருவத்துக்குப் பருவம் பஞ்சம் வரும்போதெல்லாம் மறுபடி பால். அடுத்த பிள்ளை பெறும் இடைவெளியைத் தள்ளிப்போட்டு, கையிலிருக்கும் பிள்ளையைக் காப்பாற்றிய தாய்மார்கள் அவர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எலும்புத் துண்டும் கல்லாயுதமும் சொல்லவே முடியாத செய்தி இது.

ஆனால் எனாமல் சொல்வது இளமைக்கால உணவை மட்டுமே. முதல் கடைவாய்ப் பல்லின் எனாமல் மூன்று வயதளவில் முடிந்துவிடும். கடைசியாக உருவாகும் ஞானப்பல்லுக்கும் பதின்பருவத்தோடு முடிந்துவிடும். முப்பது வயதில் அவர் என்ன தின்றார் என்பதை அறிய எலும்பையும் பல்லில் ஒட்டிய காரையையும்தான் தேடிப்போக வேண்டும்.