‘கேடி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?

பிஸ்கட் டப்பாவை எந்த அலமாரியில் ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துவிடும் குழந்தையைப் பார்த்துச் சென்னைப் பாட்டிகள் ‘சரியான கேடி’ என்பார்கள். அதில் பாதி திட்டு, பாதி பெருமை. அதே சொல்லைக் காவல் நிலையத்து எழுத்தர் சொன்னால் கொஞ்சலுக்கு இடமில்லை. ஒருவரைக் கண்காணிக்க அவர் பெயரில் அங்கே ஒரு தாள் திறக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

கேட்டவுடன் இது ‘கேடு’ என்பதிலிருந்து வந்த சொல் என்றுதான் தோன்றும். நொண்டு என்பதிலிருந்து நொண்டி, பொறுக்கு என்பதிலிருந்து பொறுக்கி. அப்படியே கேடு செய்பவன் கேடி. இலக்கணம் தடை சொல்லாது. கீழ்வேளூர்ச் சிவனுக்குக் கேடிலியப்பர் என்றே பெயர் இருப்பதை இதற்குச் சான்று காட்டுவோரும் உண்டு. ஆனால் அந்தப் பெயர் கேடு, இலி என்று பிரியும். அங்கே கேடி என்றொருவர் இல்லை.

உண்மையில் இது இரண்டு ஆங்கில எழுத்துகள்: கே, டி. சென்னை மாகாணக் காவல்துறையின் நிலை ஆணைகளில் ‘நோன் டெப்ரிடேட்டர்’ (Known Depredator) என்றொரு வகை உண்டு. முதல் சொல்லை எழுதும்போது ‘கே’யில் தொடங்குவோம், பலுக்கும்போது அது மறைந்துவிடும். அதனால்தான் விரித்துச் சொன்னால் பலருக்குக் குழப்பம். ‘சூறையாடுபவர் எனக் காவல்துறை அறிந்து வைத்திருப்பவர்’ என்பது அதன் பொருள். மலையாளத்திலும் இதே கேடி, இதே பொருளில் வழங்குகிறது. தமிழ்க் காதுக்குக் கேடு நினைவுக்கு வந்ததால் சுருக்கெழுத்தின் புள்ளிகள் உதிர்ந்து, நம் ஊர்ச் சொல்லைப் போலவே ஒட்டிக்கொண்டது.

இணையத்தில் அதிகம் சுற்றும் விளக்கம் ‘நோன் டகாய்ட்’. அது பொருந்தாது. சட்டத்தில் ‘டகாய்ட்டி’ என்ற கூட்டுக் கொள்ளைக் குற்றத்துக்கு ஆள் கணக்கு உண்டு: ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடிக்க வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்தின் 391ஆம் பிரிவு அப்படித்தான் வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 310ஆம் பிரிவு. தனியாகப் பூட்டை உடைப்பவரும் பேருந்தில் பர்ஸ் அடிப்பவரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள், கேடிப் பட்டியலில் வருவார்கள். அடிதடி, மிரட்டல், மாமூல் வசூல் என்று ஆளை அச்சுறுத்திப் பிழைப்பவருக்குத் தனியாக ‘ரவுடி’த் தாள். சென்னையில் அவர்களை ஏ பிளஸ், ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிறார்கள். தேர்வு மதிப்பெண் போல ஒலிப்பது தற்செயல்தான். ரவுடி என்பதோ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஆங்கிலத்தில் தோன்றிய சொல். அங்கே பெரும்பாலும் சத்தம் போடுபவரைக் குறிக்கும் அளவில் நின்றது. இங்கே பதிவேட்டுத் தலைப்பாகிவிட்டது.

தாளில் என்ன இருக்கும்? பெயர், மாற்றுப் பெயர்கள், அங்க அடையாளம், படம், கைரேகை, முகவரி, உறவினர், கூட்டாளிகள், பழைய வழக்குகள், குற்றம் செய்யும் பாணி. நிலையத்தில் எழுதப்பட்டு மேலதிகாரியின் ஒப்புதலோடு திறக்கப்படும். தாள் திறக்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டியதில்லை. சந்தேக நபரின் தாளை டிசம்பர் இறுதிக்குப் பிறகும் வைத்திருக்க உயர் அதிகாரியின் ஆணை வேண்டும். வழக்கு ஒன்றும் நிலுவையில் இல்லாமலும், ஆண்டு நீட்டிப்புக்குத் தக்க காரணம் எழுதாமலும் தாள் தொடர்ந்தால், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு அதை மூடும்படி கேட்கலாம். நடைமுறையில் பலருக்குத் தம் பெயரில் தாள் இருப்பதே தாமதமாகத்தான் தெரிய வருகிறது.

தண்டனை பெற்றவருக்குத்தான் தாள் என்று நினைத்தால் தவறு. கரக் சிங் வழக்கைப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் கொள்ளை வழக்கொன்றில் கைதாகி, போதிய சான்று இல்லாமல் விடுவிக்கப்பட்டவர். அப்படியும் அவர் பெயரில் தாள் திறந்து, இரவில் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஆறு நீதிபதிகள் அமர்வு, இரவில் வீட்டுக்குப் போய்ச் சோதிக்கும் அந்த விதியைச் செல்லாது என்றது. மற்ற கண்காணிப்பு முறைகளை அப்போது விட்டுவைத்தது.

தமிழில் சரியான சொல் என்ன என்ற கேள்வி இங்கேதான் சிக்கலாகிறது. செய்தித்தாள்கள் எழுதுவது ‘சரித்திரப் பதிவேடு குற்றவாளி’. முதலில், ராஜராஜனுக்கும் சரித்திரம், பர்ஸ் அடிப்பவருக்கும் சரித்திரமா? அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘குற்றவாளி’யைப் பொறுக்க முடியாது. நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ஒருவர் குற்றவாளி, அதுவரை குற்றஞ்சாட்டப்பட்டவர், வழக்கே இல்லையென்றால் சந்தேகிக்கப்படுபவர். தாள் இந்த மூவர் பெயரிலும் இருக்கக்கூடும். எனவே தாளைக் ‘குற்றப் பின்னணித் தாள்’ என்றும், ஆளைக் ‘காவல் கண்காணிப்பில் உள்ளவர்’ என்றும் எழுதுவதே சரி. பல முறை தண்டனை பெற்றவரைத் ‘தொடர் குற்றவாளி’ எனலாம். பேச்சில் வரும் கேடிக்கு ‘எத்தன்’ போதும். குழந்தைக்கு? ‘கள்ளன்’, ‘கள்ளி’ என்று கொஞ்சும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிப் பிரிப்பது வெறும் சொல் சுத்தம் பார்ப்பதற்காக மட்டும் இல்லை. ‘குடிபுறங் காத்தோம்பிக் குற்றம் கடிதல்’ என்று அரசனுக்குச் சொல்லும் குறளில் (549) குற்றம் என்பது செயல். கேடி என்பது ஆள். செயலுக்குத் தண்டனைக் காலம் உண்டு, முடிந்துவிடும். ஆளின் மேல் ஒட்டிய பெயருக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. அந்தப் பெயர் ஒரு சமூகத்தின் மேலேயே ஒட்டியதும் உண்டு. சில சமூகங்களையே குற்றவாளிகளாகப் பதிவுசெய்ய 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஆங்கிலப் பெயரில் ‘பழங்குடி’ என்றுதான் இருந்தது. தமிழில் ‘குற்றப் பரம்பரைச் சட்டம்’ ஆயிற்று. குற்றம் ரத்தத்தில் இறங்கி வருகிறது என்ற அந்தச் சட்டத்தின் கருத்தை, மூலத்தைவிட மொழிபெயர்ப்பு பச்சையாகவே சொல்லிவிட்டது. பதிவுக்கு உட்பட்ட மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். கைரேகை வைக்க மறுத்த, மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுடப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீங்கியது. மறு ஆண்டே, வழக்கமாகக் குற்றம் புரிவோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் பட்டியலிலிருந்து நீங்கியவர்களுக்கு இன்று அரசு தரும் பெயர் ‘சீர்மரபினர்’. நல்ல ஆக்கம், பரம்பரை என்ற வசையை மரபு என்ற சொல்லால் மாற்றியிருக்கிறார்கள். சீர்மரபினர் பட்டியலைப் படித்தால் ‘கேப்மாரி’ என்ற பெயரும் வரும். ஆட்டோ ஸ்டாண்டில் பொழுதுக்கும் காதில் விழும் வசை அதுதான். அது ஒரு சமூகத்தின் பெயர் என்பது திட்டுகிறவருக்கும் தெரியாது, திட்டு வாங்குகிறவருக்கும் தெரியாது.

பெயர் எப்படிக் குற்றத்தை வளர்க்கிறது என்பதற்கு வியாசர்பாடியோ பட்டினப்பாக்கமோ என்று ஏதாவதொரு பேட்டையைத் தேடி அலைய வேண்டாம். எங்கும் வரிசை ஒன்றுதான். விசாரணைக்குக் காவலர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தால், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். வேலைக்கு நன்னடத்தைச் சான்று கேட்பார்கள், அது கிடைக்காது. தெருவில் சங்கிலி பறிபோனால் முதல் அழைப்பு இவருக்கு. அன்றைய கூலி போயிற்று. நன்னடத்தைப் பிணைப் பத்திரம் எழுதித் தர வேண்டியிருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 129. மூன்று ஆண்டு வரை கேட்கலாம். தராவிட்டால் சிறை. உத்தரவாதம் தர ஆளில்லாதவருக்கு ஜாமீன்தாரர் பிடித்துத் தருவதும், வழக்கறிஞர் செலவைப் பார்த்துக்கொள்வதும் பேட்டையில் ஒரே ஒருவர்தான். அவருக்கு நன்றிக்கடன் எந்த வடிவில் திரும்பிப் போகும் என்று விளக்க வேண்டியதில்லை.

குண்டர் என்ற சொல்லையும் இதோடு குழப்ப வேண்டாம். அது வடக்கிலிருந்து வந்த ‘குண்டா’. தேவாரத்தில் சமணரைப் பழிக்க வரும் குண்டர் பழைய தமிழ்ச் சொல், வேறு. ‘குண்டர் சட்டம்’ எனப்படும் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் தமிழ்நாட்டுச் சட்டத்தில் அது தடுப்புக் காவலுக்குரிய ஒரு வகை: நகரத்தில் காவல் ஆணையர் ஆணையிடுவார், மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் குழுமத்தின் முன் வைக்க வேண்டும், உச்ச அளவு 12 மாதம். குண்டர் தாள் என்று ஒன்று கிடையாது. கேடிச் சட்டம் என்றும் ஒன்று கிடையாது.