பேக்கப் என்றால் காப்புப்படி

தரவு தொலைந்தால் மீட்பதற்காகத் தனியே எடுத்துவைப்பதுதான் பேக்கப். அதைத் தமிழில் எழுதப் போனால் காப்புப்படி, காப்பு நகல், காப்புப் பிரதி, மறுபிரதி என்று பல சொற்கள் வரிசையில் நிற்கின்றன. செயலிகளின் தமிழ் வடிவங்களில் காப்புப் பிரதியை அதிகம் பார்க்கலாம். பேச்சில் அது பேக்கப்தான். "போனை பேக்கப் எடுத்துட்டியா?" என்று கேட்பதில் எந்தக் குறையும் இல்லை. எழுத்தில் எது நல்லது என்று கேட்டால் காப்புப்படி என்பேன். அந்தச் சொல்லின் இரண்டு பாதிகளும் இன்றைய கிளவுட் சேமிப்பில், அதாவது இணையம் வழியாக வேறு நிறுவனத்தின் கணினிகளில் தரவை வைப்பதில், நாம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை எழுப்புகின்றன: படி உண்மையில் இருக்கிறதா, அது எதிலிருந்து காக்கும்?

முதலில் ஆங்கிலச் சொல். பேக் என்றால் முதுகு, பின்புறம். ஒருவருக்குப் பின்னால் நின்று ஆதரவு தருவதைக் குறித்த வினை அது. ஆதரவுக்கு நிற்பவர், முதல் ஆள் விழுந்தால் அந்த இடத்துக்கு வருபவர் என்ற பெயர்ச்சொல் பொருள் பிறகு வந்தது. கணினித் துறை இதை எடுத்துக்கொண்டது 1960களில். அப்போது தரவு காந்த நாடாக்களில் இருந்தது. நாடா அறுந்தாலோ தேய்ந்தாலோ வேலை நின்றுவிடும் என்பதால் இன்னொரு நாடாவில் பதிந்து தனியே வைத்தார்கள். கவனித்துப் பார்த்தால், ஆங்கிலச் சொல்லில் நகல் என்ற பொருளே கிடையாது. மின்சாரம் போனால் ஓடும் ஜெனரேட்டரும் பேக்கப், உதவிக்கு வரும் கூடுதல் காவலரும் பேக்கப். ஆகவே 'பின்' என்று தொடங்கும் சொல்லை உருவாக்குவது வீண் வேலை. முதுகை மொழிபெயர்த்து நமக்கு ஆகப் போவது ஒன்றும் இல்லை.

இனி 'படி'. அளவு, மாடிப்படி, வாசிப்பது எனப் பல பொருள்கள் இதற்கு இருந்தாலும், 'ஒன்றைப் பார்த்து எழுதிய இன்னொன்று' என்பதும் பழைய பொருள்தான். சுவடியைப் படியெடுத்தல் என்கிறோம். கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி எடுப்பதை மைப்படி என்கிறார்கள் கல்வெட்டு ஆய்வாளர்கள். ஓலையைப் பூச்சி அரிக்கும், ஈரம் சிதைக்கும். சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. புதிய ஓலையில் மீண்டும் மீண்டும் எழுதிவந்ததால்தான் நூல்கள் பிழைத்தன. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றியபோது வெவ்வேறு இடங்களிலிருந்து கிடைத்த சுவடிகளை ஒப்பிட்டுத்தான் பாடம் கண்டார். அப்படியும் 400 பாட்டில் 267, 268 இரண்டும் கிடைக்கவில்லை. அவற்றைத் தாங்கிய படி ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை. அசல் அழிந்த பிறகு படிதான் நூல் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

நகல் என்ற சொல் எனக்கு இங்கே இடறுவதும் இதனால்தான். அரபியிலிருந்து வந்தது என்பது ஒரு பொருட்டல்ல. 'அசலா, நகலா' என்று கேட்கும்போது நகலுக்குக் கீழான இடம்தான் கிடைக்கிறது. பேக்கப்போ நாளை அசலாகவே மாற வேண்டியது. பிரதியில் அந்தச் சிக்கல் இல்லை. வடசொல் வேண்டாம் என்று நினைக்காதவர்கள் காப்புப் பிரதி என்றே தாராளமாக எழுதலாம். மறுபிரதியில் காப்பு இல்லை, அதனால் அதை விட்டுவிடலாம்.

காப்பு, 'கா' என்ற வேரிலிருந்து வருகிறது. நூலின் தொடக்கத்தில் வரும் காப்புச் செய்யுளில் இருப்பதும் இதே காப்புதான். காப்பு என்றவுடன் எதிலிருந்து என்ற கேள்வி தானாக எழுகிறது. தரவைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்குப் பல விடைகள் உண்டு: தரவு இருக்கும் வட்டு (டிஸ்க்) பழுதாவது, தீ, வெள்ளம், கை தவறி அழிப்பது, திருட்டு, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர், கணக்கே முடக்கப்படுவது. ஒன்றிலிருந்து காப்பது இன்னொன்றிலிருந்து காக்கும் என்று சொல்ல முடியாது.

கிளவுட் வந்த பிறகு குழப்பம் கூடியதும் இந்த இடத்தில்தான். போனில் எடுத்த படம் கிளவுடுக்குப் போய்விட்டது, ஆகவே பேக்கப் இருக்கிறது என்று பலரும் நம்புகிறோம். பெரும்பாலும் அங்கே நடப்பது ஒத்திசைவு, அதாவது சிங்க். போனில் அழித்தால் கிளவுடிலும் அழியும். கணினியில் ரான்சம்வேர் கோப்புகளைக் குலைத்தால், குலைந்த கோப்புகளே மேலேயும் ஏறும். ஒத்திசைவு படி தருகிறது, இந்த ஆபத்துகளுக்கு எதிரான காப்பைத் தருவதில்லை. பழைய பதிப்புகளையும் அழித்தவற்றையும் சில நாள் வைத்திருக்கும் வசதி பல சேவைகளில் இருக்கிறது. அந்தக் கெடு முடிந்தால் அதுவும் போய்விடும்.

பல வட்டுகளில் தரவைப் பரப்பி வைக்கும் ரெய்டு முறையும் இப்படியே. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய ஏற்பாடு அது. ஒரு வட்டு போனாலும் வேலை நிற்காது. நீங்களே அழித்தால் எல்லா வட்டிலும் சேர்ந்தே அழியும். அமேசானின் எஸ்3 என்ற கிளவுட் சேமிப்பு ஆண்டுக்கு 99.999999999 விழுக்காடு நீடிப்புக்காக, அதாவது தரவு தொலையாமல் இருப்பதற்காக, வடிவமைக்கப்பட்டது என்கிறார்கள். பெரிய எண்தான். ஆனால் அது வட்டுகள் பழுதாவதை எண்ணிச் சொன்ன கணக்கு. உங்கள் கடவுச்சொல்லைத் திருடியவர் அழி என்று கட்டளை இட்டால், அதை உங்கள் விருப்பமாகத்தான் அந்த அமைப்பு எடுத்துக்கொள்ளும்.

2014இல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்துக்கு நேர்ந்தது இதுதான். ஊடுருவியவர் அதன் கிளவுட் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் நுழைந்து தரவையும் பேக்கப்புகளில் பெரும்பாலானவற்றையும் அழித்தார். நிறுவனம் மூடப்பட்டது. படிகள் இருந்தன, எல்லாம் ஒரே சாவிக்குள் இருந்தன. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஹெச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, அசலும் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பற்றியது. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த ஜி-டிரைவ் என்ற கிளவுட் சேமிப்பு, சுமார் 858 டெராபைட், அதோடு போனது. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியே படியே எடுக்கப்படவில்லை.

மறுபக்கம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியான யூனிசூப்பர். 2024 மே மாதம் கூகுள் கிளவுட் பக்கம் நேர்ந்த ஓர் அமைப்புப் பிழையால் அதன் தனிக் கிளவுட் சூழலே அழிந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் இருந்தார்கள். வேறொரு நிறுவனத்திடமும் படி வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது.

இதற்கான பழைய விதி 3-2-1. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் வழியாகப் பரவியது. மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்புச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். கிளவுட் காலத்துக்கு 'வேறு இடம்' என்பதை வேறு கணக்கு, வேறு சாவி என்றும் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. குறித்த நாள் வரை நிர்வாகியால்கூட அழிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் வசதி பல சேவைகளில் இருக்கிறது. கட்டணம் கூடினாலும் ரான்சம்வேருக்கு எதிராக அதுவே உறுதியான காப்பு. மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்து வைப்பவர்கள் அதன் சாவிக்கும் ஒரு படி வைக்க வேண்டும்.

காப்புப்படி என்ற சொல்லில் இல்லாத ஒன்றும் உண்டு: மீட்டெடுப்பு. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், ஒரு சேவையகம் (சர்வர்) என்று நினைத்து இன்னொன்றில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப் ஏற்பாடுகள் பல இருந்தன. தினமும் ஓட வேண்டிய நிரல் தரவுத்தளத்தின் பதிப்புக்குப் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்தது, தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் தடுக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் கைகொடுத்தது, ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காகத் தற்செயலாக எடுத்த ஸ்நாப்ஷாட், அதாவது அந்த நேரத்தில் தரவு இருந்த நிலையின் பதிவு. இடைப்பட்ட தரவு போனது போனதுதான். நடந்ததை அவர்கள் ஒளிக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது. மீட்டுப் பார்க்காத படியைக் காப்புப்படி என்று நான் சொல்ல மாட்டேன். குறைந்தது சில கோப்புகளையாவது வேறொரு கணினியில் இறக்கித் திறந்து பார்த்த பிறகே அந்தப் பெயர் அதற்குப் பொருந்தும்.

எழுதும்போது ஒற்று விடாமல் காப்புப்படி என்று ஒரே சொல்லாக எழுதுங்கள். வினை, காப்புப்படி எடுத்தல். ரீஸ்டோர் என்பதற்கு மீட்டெடுத்தல். ஆர்க்கைவ் வேறு: இனி அன்றாடம் தேவைப்படாததை நீண்ட காலத்துக்கு வைப்பது அது, அதற்குக் காப்பகம் என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ஸ்நாப்ஷாட்டுக்குக் கணப்படி என்று சொல்லிப் பார்க்கலாம். அந்தக் கணத்தில் இருந்த நிலையின் படி என்று பொருள் தரும்.