அரியம் என்றால் காட்சியகமா?

ஒரு மொழிபெயர்ப்புக் கதையில் 'கூடத்தில் சின்னதாக ஒரு மீன் காட்சியகம் வைத்திருந்தார்' என்று படித்தேன். மீன்தொட்டியைத்தான் சொல்கிறார்கள் என்று புரிய இரண்டு வரி ஆனது. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். போன வாரம் ஒரு பள்ளிக் கையேட்டில், உலர்த்திய செடிகளைச் சேர்த்து வைக்கும் ஹெர்பேரியத்துக்குத் 'தாவரக் காட்சியகம்' என்று போட்டிருந்தார்கள், அதற்கு மேல் பொறுக்கவில்லை.

அக்வேரியம் (மீன்தொட்டி), ஹெர்பேரியம் இரண்டின் கடைசியிலும் வரும் 'அரியம்' லத்தீன் பின்னொட்டு. ஒரு பொருளின் பெயரோடு சேர்ந்து, அது இருக்கும் அல்லது வைக்கும் இடத்தைக் குறிக்கும். லிபர் புத்தகம், லிப்ராரியம் புத்தக அலமாரி. அக்வா தண்ணீர், அக்வேரியம் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் இடம். மீன் அதற்குள் வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். (ஆடிட்டோரியமும் தாம்பரம் சானடோரியமும் வினையடியில் சேரும் 'ஓரியம்' கேஸ், அது வேறு கதை.)

இதில் 'காட்சி' எங்கிருந்து வந்தது? மியூசியத்துக்கு அருங்காட்சியகம் என்று பழகிய கை, 'யம்' என்று முடிகிற எதைக் கண்டாலும் காட்சியகம் கட்டிவிடுகிறது. அப்படியானால் நூலகத்தை நூல் காட்சியகம் என்று சொல்ல வேண்டியதுதானே?

ஹெர்பேரியத்தில் நடப்பதே வேறு. செடியைப் பூவோடு பறித்து, தாள்களுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, கெட்டி அட்டையில் ஒட்டியோ நூலால் தைத்தோ, எங்கே எப்போது யார் பறித்தது என்று மூலையில் சீட்டு ஒட்டி, அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம் இப்படிப்பட்டதுதான். டிக்கெட் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிற இடமில்லை, ஒரு செடியின் அடையாளத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வாளர்கள் வருகிற இடம். அங்கே முக்கியம் காப்பது. உலர்தாவரக் காப்பகம் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? காப்பகம் என்றால் முதியோர் இல்லம் நினைவுக்கு வருகிறதாம், ஒரு நண்பர் சொன்னார். ஆவணக் காப்பகம் என்னும்போது யாருக்கும் அப்படி வருவதில்லையே.

தனித்தமிழ் வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பொருளைக் கண்ணால் பார்க்காமல் ஒலியை மட்டும் பார்த்துச் சொல் செய்கிறவர்களோடுதான் சண்டை. வளர்ப்பு மீன் விற்கிற கடைக்குப் போய் 'இரண்டு அடியில் மீன் காட்சியகம் என்ன விலை' என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். கடைக்காரர் வண்டலூருக்கு வழி சொல்லி அனுப்புவார்.