டிரெய்லரோடு மலைப்பயணமா? முதலில் இறக்கத்தைப் பாருங்கள்

கோடை விடுமுறை முடிந்ததும் எங்கள் பட்டறைக்கு டிரெய்லர்கள் வரிசைகட்டும். பலவற்றுக்கும் ஒரே கோளாறுதான். சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிரம்மை எடுத்தால் உள்பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்து கிடக்கும். பிரேக் ஷூ கண்ணாடி மாதிரி மினுங்கும், விரல் வைத்தால் வழுக்கும். ஏன் அந்த வழியாகப் போனீர்கள் என்று கேட்டால், "மேப் அதைத்தாங்க காட்டிச்சு" என்பார்கள்.

பின்னால் மூன்று டன் தொங்கிக்கொண்டு வருவது மேப்புக்குத் தெரியாது.

அமெரிக்காவில் நம்மவர்கள் அதிகம் போகும் பயணத்தையே பார்ப்போம். மவுண்ட் ரஷ்மோர் பார்த்துவிட்டு யெல்லோஸ்டோன். நடுவில் வயோமிங்கின் பிக்ஹார்ன் மலைத்தொடர். அதைக் கடக்க யு.எஸ். 14ஏ, 14, 16 என்று மூன்று சாலைகள் உண்டு.

14ஏ சாலையில் லவல் ஊர்ப்பக்கம் இறங்கும் சரிவு 10 சதவீதம்: 100 அடி போனால் 10 அடி கீழே. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே அங்கே தனிப்பாதைகள் வெட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் சாலையையே மூடிவிடுவார்கள். 14இல் ஷெல் கேன்யன் கொள்ளை அழகு, ஆனால் வளைவுகள் அதிகம். நான் சொல்வது, மூன்றில் இறக்கம் சாதுவான 16. பஃபலோவிலிருந்து டென் ஸ்லீப் வழியாக வோர்லாண்ட்.

இத்தனைக்கும் 16இல் வரும் பவுடர் ரிவர் கணவாய் 9,666 அடி. 14இன் கிரானைட் கணவாயோ 9,033 அடிதான். உயரத்தைப் பார்த்து மிரள வேண்டாம். டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும். ஏற்றத்தில் திணறும், சூடேறும். ஓரங்கட்டி ஆறவிட்டால் தீர்ந்தது. சூடேறிய பிரேக்கோடு இறக்கத்தில் மாட்டிக்கொண்டால் அந்த வசதி கிடையாது. அதனால் போகும் திசையும் முக்கியம். கிழக்கிலிருந்து வருகிறவருக்கு 14ஏயின் அந்தச் சரிவு இறக்கம். திரும்பும்போது அதுவே ஏற்றம்.

மலையே வேண்டாம் என்றால் ஐ-90இல் பில்லிங்ஸ் வரை போய், அங்கிருந்து தெற்கே கோடி (Cody) ஊருக்கு இறங்கலாம். சுற்றுதான், பரவாயில்லை.

எந்த வழியானாலும் உச்சியிலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதி இறக்கத்தில் குறைக்கப் பார்ப்பது வீண் வம்பு. டோ-ஹால் மோடு (சுமை இழுக்கும்போது கியரைத் தாழ்வாகப் பிடித்து வைக்கும் அமைப்பு) ஓடட்டும். வேகம் கூடினால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, குறைந்ததும் காலை எடுத்துவிடுங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்குவதுதான் டிரம்மை நீலமாக்குகிறது. டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டியை முகாமுக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம்; 40 கேலன் என்றால் 150 கிலோ.

யெல்லோஸ்டோன் முடித்து ஜாக்சனிலிருந்து ஐடஹோ போகிறவர்களுக்கு மேப் டீட்டன் கணவாயைக் காட்டக்கூடும். அதுவும் 10 சதவீதம். குளிர்காலத்தில் டிரெய்லருக்குத் தடை வேறு. தெற்கே இறங்கி, ஸ்நேக் நதியோரமாக ஆல்பைன் வழியே போய்விடுங்கள்.